முழங்கால் துள்ளியது, குதிகால் அசையவில்லை

கேள்வி: பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். என் அப்பச்சிக்கு வயது 67. பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். இரவில் பாதம் எரிகிறது என்று ஈரத்துணி சுற்றிக்கொண்டு படுப்பார். போன மாதம் வளவில் ஆத்தங்குடிக் கல் தரையில் இரத்தத் திட்டுகளைப் பார்த்து ஆத்தா பதறிப்போனார். அப்பச்சியின் உள்ளங்காலில் கருவேல முள் ஏறி ஒடிந்திருந்தது. அவருக்கோ ஒன்றுமே தெரியவில்லை. முள்ளை எடுத்த மருத்துவர், சிறிய சுத்தியலால் தட்டிப் பார்த்தார். முழங்கால் துள்ளியது. குதிகாலுக்கு மேலே தட்டியபோது இரண்டு பாதங்களும் அசையவில்லை. கைவிரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லித் தட்டினார், அப்போதும் இல்லை. பிறகு உள்ளங்காலை ஏதோ கூர்மையான பொருளால் கீறினார். "நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூட்டம் அதிகம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை. தட்டிப் பார்த்தால் நரம்பைப் பற்றி என்ன தெரியும்? அன்றைக்கே பணியாரக் கல்லில் என் விரல் பட்டது. சுடுகிறது என்று நினைப்பதற்குள் கை விலகிவிட்டது. அப்பச்சியின் கால் மட்டும் ஏன் விலகவில்லை? இது பக்கவாதத்தில் கொண்டு விடுமா? தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர் அவர், வெறுங்காலில்தான் நடப்பார். இந்த ஆண்டு அனுப்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வெறுங்காலில் அனுப்பாதீர்கள். பக்கவாதக் கேள்விக்கும் இப்போதே பதில்: நீங்கள் எழுதியிருப்பது பக்கவாதத்தின் அறிகுறி அல்ல. ஆனால் இப்படி இரண்டு வரியில் சொன்னால் அப்பச்சி கேட்கமாட்டார். நடந்து பழகிய மனிதரிடம் "செருப்புப் போடுங்கள்" என்றால் காரணம் கேட்பார், கேட்கவும் வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் நரம்புகள் 12 இணை. தண்டுவடத்திலிருந்து பக்கத்துக்கு ஒன்றாகப் பிரிபவை 31 இணை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் வெளியே தோல், தசை, உள்ளுறுப்பு என்று எங்கும் பரவியிருக்கும் இவற்றைத்தான் புற நரம்புகள் என்கிறோம். ஒரே நரம்புக்குள் ஆயிரக்கணக்கான இழைகள் இருக்கும். சில இழைகள் செய்தியை உள்ளே கொண்டுவருபவை. அவை உணர்வு இழைகள். சில கட்டளையை வெளியே கொண்டுபோய்த் தசையிடம் சேர்ப்பவை; அவை இயக்க இழைகள். அப்பச்சியின் கதை முழுவதும் இந்த வரவுக்கும் போக்குக்கும் நடுவில்தான் இருக்கிறது.

உங்கள் விரலில் தொடங்குவோம். பணியாரக் கல் பட்டதும் விரல்நுனித் தோலில் உள்ள நுண்ணிய நரம்பு முனைகள் கிளர்ந்து, செய்தி கை வழியாகக் கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்கு ஓடியது. அங்கேயே, இரண்டு மூன்று நரம்பணுக்கள் கைமாறியதும், கையை மடக்கும் தசைக்குச் "சுருங்கு" என்றும் நீட்டும் தசைக்குச் "சும்மா இரு" என்றும் கட்டளை போய்விட்டது. மூளைக்கும் ஒரு தகவல் மேலே போனது. அது போய்ச் சேர்ந்து "சுடுகிறது" என்று நீங்கள் உணர்வதற்குள் கை விலகிவிட்டது. பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவசரக் காரியத்தை அங்கிருக்கும் மேலாளே முடித்துவிடுவார். ஊரில் இருக்கும் முதலாளிக்குக் கடிதம் பிறகு வரும். தண்டுவடம் அந்த மேலாள்.

முதலாளி முன்கூட்டியே உத்தரவு போட்டுவைப்பதும் உண்டு. கொதிக்கும் பாயசப் பாத்திரத்தைப் பந்திக்குத் தூக்கிக்கொண்டு போகும்போது கைப்பிடி சுட்டால் போட்டுவிட்டா ஓடுகிறோம்? பல்லைக் கடித்துக்கொண்டு இறக்கி வைக்கிறோம். "விடாதே" என்ற செய்தி மேலிருந்து வந்து, நாம் நினைக்காமலே நடக்கும் இந்த அனிச்சைச் செயலை அடக்கிவைக்கிறது. அனிச்சை என்பதால் மூளைக்கு அதில் வேலையே இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். அடக்கவும் தூண்டவும் அது எப்போதும் மேலே இருக்கிறது. இதை நினைவில் வையுங்கள். உள்ளங்காலைக் கீறியதன் காரணம் இதில்தான் இருக்கிறது.

இனி சுத்தியல். முழங்காற்சில்லுக்குக் கீழே ஒரு தசைநாண் இருக்கிறது. அதைத் தட்டும்போது தொடையின் முன்தசை ஒரு கணம், ஒரு சிறிதளவு இழுபடுகிறது. தசைக்குள் தசைக்கதிர் என்று ஓர் அளவுகருவி உண்டு. தசை எவ்வளவு நீண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று சொல்வதுதான் அதன் வேலை. இழுபட்டதும் அது செய்தி அனுப்புகிறது. மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்திய பருமனான இழை அது. நொடிக்கு 50, 60 மீட்டர் வேகத்தில் செய்தி ஓடுகிறது. இடுப்புப் பகுதித் தண்டுவடத்தில் மூன்றாம், நான்காம் நரம்பு வேர்கள் சேரும் இடத்துக்குப் போய், நடுவில் வேறு யாரையும் கேட்காமல், நேரே இயக்க நரம்பணுவைத் தொடுகிறது. ஒரே ஒரு கைமாற்றம். உடனே தொடைத் தசை சுருங்கிக் கால் துள்ளுகிறது. தட்டியதற்கும் தசையில் மின்சலனம் எழுவதற்கும் இடைப்பட்ட நேரம் ஏறத்தாழ ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு. 1875இல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் எர்ப், கார்ல் வெஸ்ட்ஃபால் என்ற இரு மருத்துவர்கள் தனித்தனியாக இதைக் கவனித்து எழுதினார்கள். இத்தனை ஸ்கேன்கள் வந்த பிறகும் அந்தச் சுத்தியல் எங்கள் பையை விட்டுப் போகவில்லை. தட்டும் ஒரு கணத்தில் தசை, உணர்வு இழை, தண்டுவடம், இயக்க இழை, மறுபடியும் தசை என்று முழுச் சுற்றும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடுகிறது. செலவும் இல்லை.

குதிகாலுக்கு மேலே தட்டுவதும் இதே சோதனைதான். இங்கே இழுபடுவது கெண்டைக்கால் தசை. செய்தி போய்ச் சேருமிடம் இன்னும் கீழே, திரிக எலும்புப் பகுதியின் முதல் நரம்பு வேர். சரியாக இருந்தால் பாதம் கீழ்நோக்கி ஓர் அழுத்து அழுத்தும். சிலருக்கு அது மங்கலாக இருக்கும். அப்போது விரல்களைக் கோத்து இழுக்கச் சொல்லி, கவனம் அங்கே போன சமயம் பார்த்துத் தட்டுவோம். யென்ட்ராஷிக் என்ற ஹங்கேரிய மருத்துவர் காட்டிய வழி அது. ஒளிந்திருக்கும் அனிச்சையும் பெரும்பாலும் வெளியே வந்துவிடும். உங்கள் மருத்துவர் அதையும் செய்து பார்த்திருக்கிறார். கூட்டத்துக்கு நடுவிலும் முறையாகப் பார்த்த மனிதர். அவரையே தொடர்ந்து பாருங்கள்.

இரண்டு பக்கமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அது முக்கியமான செய்தி. ஒரு பக்கம் மட்டும் இல்லையென்றால் முதுகில் டிஸ்க் பிதுங்கி நரம்பு வேரை அழுத்துகிறதோ என்று என் எண்ணம் போயிருக்கும். எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்களில் சிலருக்கு எந்த நோயும் இல்லாமலேயே குதிகால் அனிச்சை மறைந்திருப்பதும் உண்டு. ஆகவே, அது இல்லை என்ற ஒன்றை மட்டும் வைத்து நான் யாரையும் பயமுறுத்தமாட்டேன். ஆனால் 15 ஆண்டு சர்க்கரை, இரவு எரிச்சல், தெரியாமல் ஏறிய முள் ஆகிய மூன்றும் பக்கத்தில் வந்து நிற்கும்போது சந்தேகத்துக்கு இடமில்லை.

முழங்கால் துள்ளும்போது குதிகால் ஏன் அடங்கிப்போனது? நீளம்தான் காரணம். கால் விரலின் உணர்வை ஏந்திவரும் நரம்பணுவின் உடல் முதுகெலும்பின் ஓரத்தில் இருக்கிறது. அதன் இழை அங்கிருந்து கால் விரல் வரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம், ஒரே அணுவாக ஓடுகிறது. இழையின் நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி முதுகுப் பக்கத்தில் தயாராகி, இழைக்குள்ளேயே பயணம் செய்துதான் பாதத்துக்கு வர வேண்டும். வேகமாகப் போகும் சரக்கே ஒரு நாளில் சுமார் 40 சென்டிமீட்டர்தான் நகரும். மெதுவான சரக்கு ஒரு சில மில்லிமீட்டர். இரத்தத்தில் சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கூடுதலாக இருந்தால் நரம்பணுவின் உள்வேலையும் கெடுகிறது, நரம்புக்கு இரத்தம் தரும் மெல்லிய குழாய்களும் கெடுகின்றன. அப்போது முதலில் வாடுவது மிக நீளமான இழையின் நுனி. அதனால்தான் மதமதப்பு கால் விரல்களில் தொடங்கி, காலுறை போட்ட அளவுக்கு மெல்ல மேலே ஏறும். அது முழங்காலை நெருங்கும் சமயத்தில்தான் பெரும்பாலும் கைவிரல் நுனியிலும் தொடங்கும்.

இப்போது முள்ளுக்கு வருவோம். காலில் முள் ஏறினால் நல்ல நிலையில் இருக்கும் உடலில் என்ன நடக்கும்? குத்திய கால் மேலே எழும்பும். அதே கணத்தில் மறுகாலின் தசைகள் விறைத்து உடல் எடையை வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் காலைத் தூக்கியவர் விழுந்துவிடுவாரே. இவ்வளவையும் தண்டுவடமே ஏற்பாடு செய்கிறது. ஆங்கிலேய அறிஞர் சார்லஸ் ஷெரிங்டன் இந்த ஏற்பாடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து தெளிவுபடுத்தினார்; 1932இல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். அப்பச்சியின் தண்டுவடத்தில் அந்த ஏற்பாடு இன்றைக்கும் இருக்கிறது. காலைத் தூக்கும் தசைகளிலும் பலம் இருக்கிறது. இல்லையென்றால் அவரால் நடக்கவே முடியாது. முள் ஏறியது என்ற தகவல்தான் உள்ளே வரவில்லை. தகவல் வராத இடத்தில் தண்டுவடம் எதற்காகக் காலைத் தூக்கும்?

"எரிகிறது என்கிறாரே, அப்படியென்றால் உணர்வு இருக்கிறதுதானே?" என்று வீட்டில் கேட்பார்கள். நோயாளிகள் வழக்கமாக ஏமாறும் இடம் இதுதான். வலியைக் கொண்டுவருபவை மெல்லிய இழைகள். அவற்றில் கொஞ்சம் உறை போட்டவை நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் போகும். உறையே இல்லாதவை ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். கல் படியில் கால் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர் என்று ஒரு வலி, ஒரு நொடி கழித்துக் காந்தலாக இன்னொரு வலி வருகிறதல்லவா? இரண்டாவது வலி அந்த மெதுவான இழை வழியாக நடந்து வருவது. இந்த மெல்லிய இழைகள் நலிவடையும்போது, வெளியே எதுவுமே நடக்காமல் தாமாகவே செய்தி அனுப்பத் தொடங்குகின்றன. அப்பச்சியின் இரவு எரிச்சல் அத்தகையது. நெருப்பு இல்லாத இடத்தில் எரிச்சலைக் காட்டும் அதே பாதம், நெருப்பை மிதித்தாலும் தெரியாமல் இருக்கலாம். ஈரத்துணி சுற்றுவதை நிறுத்தச் சொல்லுங்கள். இரவெல்லாம் ஈரத்தில் ஊறிய தோல் விரலிடுக்கில் வெடிக்கும். அது கிருமிக்குத் திறந்து வைத்த கதவு. எரிச்சலைக் குறைக்க பிரிகாபலின், டுலாக்செடின், அமிட்ரிப்டிலின் போன்ற மாத்திரைகள் இருக்கின்றன. இதயம், சிறுநீரகம், புராஸ்டேட் இவற்றின் நிலை தெரியாமல் தொடக் கூடாதவை அவை. உங்கள் மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உள்ளங்காலைக் கீறியது வேறு விசாரணை. குதிகாலின் வெளிஓரத்திலிருந்து விரல்களை நோக்கிக் கீறினால் பெரியவர்களுக்குக் கட்டைவிரல் கீழ்நோக்கி மடங்க வேண்டும். மேல்நோக்கி நிமிர்ந்தால் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக இறங்கும் பாதையில் கோளாறு என்று பொருள். பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு மருத்துவர் 1896இல் சொன்னது. ஏறக்குறைய ஒரு வயது வரை குழந்தைகளுக்குக் கட்டைவிரல் நிமிர்வது இயல்பு. மேலிருந்து அடக்கும் பாதை அப்போது முதிர்ந்திருக்காது. பக்கவாதத்தில் கெடுவது அந்த மேல்பாதை. அடக்குவதற்கு ஆள் இல்லாததால் சில நாட்களில் முழங்கால் அனிச்சை கூடுதலாகத் துள்ளும். அப்பச்சிக்கு நடந்திருப்பது இதற்கு எதிர்ப்பக்கம். சர்க்கரை உள்ளவருக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு தனியாக உண்டுதான்; அதற்கு இரத்த அழுத்தத்தையும் கொழுப்பையும் பார்க்க வேண்டும், குதிகாலை அல்ல.

குதிகால் அனிச்சை இல்லாமல், அதே காலில் கட்டைவிரல் மட்டும் மேல்நோக்கி நிமிர்ந்தால் வைட்டமின் பி12 குறைபாட்டை உடனே நினைக்க வேண்டும். அது புற நரம்பையும் தண்டுவடத்தையும் ஒருசேரத் தாக்கும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது தெரிந்த விஷயம். சைவ உணவுக்காரர்களுக்கு இன்னும் எளிதாகக் குறையும். அப்பச்சி எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் இவற்றை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சர்க்கரைக்காரர் என்பதாலேயே எல்லாப் பழியையும் சர்க்கரை மேல் போட்டுவிடுவது எங்கள் தொழிலில் எளிதில் நடக்கிற காரியம். பி12 குறைவாக இருந்தால் ஊசியோ மாத்திரையோ கட்டாயம் வேண்டும். குறையவில்லை என்றால் மருந்துக் கடையில் "நரம்புக்கு ஒரு ஊசி" என்று கேட்டு வாங்கிப் போடுவதில் பயனில்லை. நரம்புச் சத்து மாத்திரைகள் பலவற்றில் பி6 கலந்திருக்கும். அதை அளவுக்கு மீறி மாதக்கணக்கில் சாப்பிட்டால் அதுவே நரம்பைக் கெடுக்கும். கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

நீங்களே வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரத்தின் பெயரால் வழங்குவது. அப்பச்சியைப் படுக்கச் சொல்லிக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லுங்கள். தொட்டது தெரிந்ததும் வலது, இடது என்று அவர் சொல்ல வேண்டும். உங்கள் ஆள்காட்டி விரல்நுனியால் அவருடைய கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஒன்றிரண்டு நொடி மட்டும், பூத்தொடுவது போலத் தொடுங்கள். அழுத்தக் கூடாது, தட்டவோ சுரண்டவோ கூடாது. தெரியவில்லை என்றால் மறுபடியும் தொட்டுப் பார்க்கவும் கூடாது. இரண்டு கால்களிலும் சேர்த்து ஆறு இடம். இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால், காயத்தைத் தடுக்கும் உணர்வு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். மருத்துவமனையில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையைக் கால் கட்டைவிரலில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்றும், 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் தொட்டும் இதையே இன்னும் நுட்பமாகப் பார்ப்பார்கள். பாதத்தின் நாடியும் பார்க்கப்பட வேண்டும். இரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் காலின் புண் ஆறும். இல்லாத காலின் புண் ஆறாது.

கேட்டுப் பாருங்கள்: நடக்கும்போது பஞ்சின் மேல் நடப்பது போல இருக்கிறதா, செருப்புக் கழன்றது தெரியாமல் நாலடி போய்விடுகிறாரா, முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறாரா? இவை பருமனான இழைகளும் பாதிக்கப்பட்டதற்கு அடையாளம். பாதம் எங்கே இருக்கிறது என்ற தகவல் கீழிருந்து வராததால் கண்ணை வைத்துத்தான் அவர் சமாளிக்கிறார். விடியற்காலை இருட்டில் நடக்கும் பாதயாத்திரையில் அந்தக் கண்ணும் உதவாது.

சர்க்கரை கட்டுக்குள் வந்தால் பாதிப்பு மேலே ஏறுவது மெதுவாகும். மறைந்த குதிகால் அனிச்சை திரும்பி வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்; திரும்ப வேண்டிய தேவையும் இல்லை. அனிச்சை செய்துகொண்டிருந்த காவலை இனிமேல் கண் செய்ய வேண்டும், அவ்வளவுதான். ஒவ்வோர் இரவும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் வெளிச்சத்தில் பாருங்கள். அப்பச்சியால் குனிய முடியாவிட்டால் ஆத்தா பார்க்கட்டும், அல்லது தரையில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளட்டும். வெந்நீரில் கால் ஊற வைப்பது வேண்டாம். கால் ஆணியைப் பிளேடால் சீவுவதும், கடையில் விற்கும் ஆணிப் பட்டையை ஒட்டுவதும் வேண்டாம். அந்தப் பட்டையில் இருப்பது தோலை அரிக்கும் அமிலம். வீட்டுக்குள்ளும் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் செருப்பு, பின்னால் வார் வைத்தது, விரலிடுக்கில் வார் இல்லாதது. வழவழப்பான கல் தரையில் வெறுங்காலில் நடந்தே பழகியவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். குன்றக்குடிக்கோ பிள்ளையார்பட்டிக்கோ போனால் காலை வெயில் ஏறுமுன் போய்விட்டு, பருத்திக் காலுறையோடு பிரகாரம் சுற்றலாம். உச்சி வெயிலில் காய்ந்த கருங்கல்லில் ஒரு சுற்று போதும், பாதம் முழுவதும் கொப்புளமாக. அவருக்குத் தெரியவே தெரியாது.

முள் ஏறிய இடம் முழுதாக மூடிவிட்டதா என்று இன்றைக்கே பாருங்கள். ஒடிந்த முள்ளின் துணுக்கு உள்ளே தங்கியிருந்தால் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். டெட்டனஸ் ஊசி போட்டார்களா என்றும் விசாரியுங்கள்.

பழனி விஷயம். நத்தம், திண்டுக்கல் வழியாக நாள்கணக்கில் நடக்கும் நடை அது. கூட்டமாகப் போகும்போது ஒருவர் மட்டும் நின்று காலைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூச்சப்படுவார். கொப்புளத்தோடு அடுத்த நாளும் நடப்பார். காயம் ஆறாமல் இருந்தாலோ, பாதத்தின் நாடி சரியாகக் கிடைக்காவிட்டாலோ இந்த ஆண்டு நடை வேண்டாம் என்பதுதான் என் முடிவு. வண்டியில் போய் மலையேறித் தரிசனம் செய்துவரட்டும். காயம் ஆறி, நாடியும் நன்றாக இருந்து, போயே தீருவேன் என்றால் கடைசி ஒரு நாள் நடையை மட்டும் நடக்கலாம். கால் வீங்கினாலும் கடிக்காத அளவில் மெத்தென்ற ஷூ. அதையும் மார்கழியிலேயே வாங்கி, வீட்டைச் சுற்றி நடந்து பழக்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை காலுறையைக் கழற்றிப் பார்க்க உங்கள் வீட்டு இளவட்டம் ஒருவர் கூடப் போக வேண்டும். வெள்ளைக் காலுறையாக இருந்தால் நல்லது. இரத்தக் கறை உடனே தெரியும்.

நடந்து வந்த பிறகு ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கி, வலியே இல்லாமல் இருந்தால் "வலிக்கவில்லையே" என்று விட்டுவிடாதீர்கள். உணர்வில்லாத பாதத்தில் எலும்புகள் நொறுங்கத் தொடங்குவதன் முதல் அறிகுறியாக அது இருக்கலாம். அன்றைக்கே அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். புண் கறுத்தாலோ, நாற்றம் வந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ அதே அவசரம். ஓரிரு நாளில் இரண்டு கால்களும் பலமிழந்து, பலவீனம் கைகளுக்கும் ஏறினால் அது சர்க்கரையின் வேலை அல்ல. நரம்பின் உறையை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கும் வேறொரு நோயாக இருக்கக்கூடும். மூச்சுவிடும் தசை வரை அது போகும். அப்போது இரவென்றும் பாராமல் மதுரைக்கோ திருச்சிக்கோ, வென்டிலேட்டர் வசதி இருக்கும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.